பெரியப்பாவின் ரேடியோ செட்டும் ஒரு பென்டோடு வால்வும்

அக்கா மகன் தூத்துக்குடியில் காலேஜ் படிக்கிறான். சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிறவன். போன வருஷம் ஒரு நாள் போன் போட்டு, "மாமா, வால்வு ஆம்ப் ஒண்ணு செஞ்சு தர முடியுமா? கடையில விலை கேட்டா தலை சுத்துது"ன்னான். நான் பி.இ. படித்தது எலக்ட்ரானிக்ஸ். சோறு போடுவது சாஃப்ட்வேர். நாங்கள் படிக்கும்போதே வால்வு ஒரு அத்தியாயமாகச் சுருங்கிப் போயிருந்தது. பரீட்சைக்கு வராது என்று வாத்தியாரே தள்ளிவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் மருமகனிடம் முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. "பாத்துச் சொல்றேன்"னு சொல்லி வைத்தேன்.

பார்க்க ஆரம்பித்தது எங்கெங்கோ போய், கடைசியில் ஓட்டப்பிடாரம் பக்கத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுப் பரணில் வந்து நின்றது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் தாலுகாவில் வரலாறு என்றால் கட்டபொம்மன், வ.உ.சி. இரண்டு பேரோடு முடிந்துவிடும். 1799இல் கயத்தாறு, 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டம், 1872இல் ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறப்பு. கல்யாண வீட்டில் குழாய் கட்டிய ரேடியோ செட்காரர் இந்த வரிசையில் வரமாட்டார். பக்கத்து இடைசெவலில் இருந்து கி.ரா. கரிசல் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து 1982இல் அகராதியே போட்டார். சொல்லைச் சேகரிக்க ஆள் இருந்தது. அந்த ஊர்களில் ஓடிய மிஷின்களின் சர்க்யூட்டைச் சேகரிக்கத்தான் யாரும் இல்லை.

அஞ்சு முனை எதுக்கு?

முதலில் வால்வு பற்றிக் கொஞ்சம். தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கண்ணாடிக் குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு கேத்தோடைச் சூடாக்கினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே பாசிட்டிவ் வோல்டேஜில் இருக்கும் பிளேட் அவற்றை இழுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கம்பியால் சுற்றிய ஒரு கிரிட்டை வைத்து, அந்த ஓட்டத்தைக் கூட்டலாம் குறைக்கலாம் என்று 1906இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் காட்டினார். அதுதான் ட்ரையோடு, மூன்று முனை. வாய்க்கால் மடையை ஒரு சின்னப் பலகையால் திறந்து மூடுகிற மாதிரி. பலகையை அசைக்கச் சின்ன பலம் போதும். ஓடுகிற தண்ணீர் ரொம்ப.

ட்ரையோடில் ஒரு குறை உண்டு. பிளேட்டும் கிரிட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பிளேட்டில் ஏறி இறங்கும் வோல்டேஜ் கிரிட்டையும் தொந்தரவு பண்ணும். அதைத் தடுக்க நடுவில் இன்னொரு கிரிட்டைத் திரை மாதிரி வைத்தார்கள். திரை வைத்ததும் வேறு ஒரு பிரச்னை. பிளேட்டில் மோதித் தெறிக்கும் எலக்ட்ரான்கள் திரைப் பக்கம் ஓட ஆரம்பித்தன. 1926இல் ஹாலந்தில் பிலிப்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஹோல்ஸ்ட், டெல்லகன் என்ற இரண்டு பேர் மூன்றாவதாக ஒரு கிரிட்டைப் போட்டு அதையும் அடக்கினார்கள். கேத்தோடு, மூன்று கிரிட், பிளேட், ஆக அஞ்சு முனை. அதனால் பென்டோடு என்று பெயர்.

இதனால் கிடைத்த லாபம் பெரிது. கிட்டார் ஆம்ப்களில் இன்று எங்கும் காணப்படும் ஈசிசி83 ட்ரையோடு, ஒரு கட்டத்தில் சிக்னலை ஐம்பது அறுபது மடங்கு பெருக்கும். ஈஎஃப்86 என்ற பென்டோடு அதே வேலையில் நூறு மடங்கைத் தாண்டும். ரெசிஸ்டர்களை மாற்றினால் இருநூறுக்குக் கிட்டேகூடப் போகும். கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் திரை இருப்பதால், மைக்கோ கிட்டாரோ தருகிற மெல்லிய உச்ச ஒலிகளை அது உள்வாங்கி மழுங்கடிப்பதும் இல்லை. நஷ்டமும் உண்டு. எலக்ட்ரான்கள் பிளேட்டுக்கும் திரைக்கும் பிரிந்து போவதால் ட்ரையோடைவிட 'உஸ்' இரைச்சல் இயல்பிலேயே கூடுதல். ஈஎஃப்86 இந்தக் குறையைக் குறைக்கவென்றே செய்யப்பட்டது. உள்ளே தனிக் கவசம், 'உம்' சத்தம் வராதபடி முறுக்கிச் சுற்றிய ஹீட்டர். டேப் ரெக்கார்டர், மைக், ஹை-ஃபை எல்லாவற்றிலும் முதல் வால்வாக உட்கார்ந்தது. 1960இல் ஜெர்மனியில் நாய்மன் கம்பெனி வெளியிட்ட யு67 என்ற ஸ்டுடியோ மைக்கின் வயிற்றுக்குள்ளும் இதே ஈஎஃப்86தான்.

கிட்டார்காரர்கள் ஏன் கைவிட்டார்கள்

இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் டார்ட்ஃபோர்டு என்ற ஊரில் டாம் ஜென்னிங்ஸ் கம்பெனி. அங்கே டிக் டென்னி வடிவமைத்து 1958இல் வந்தது வாக்ஸ் ஏசி15. 15 வாட், கடைசியில் இரண்டு ஈஎல்84, முன்னால் ஒரு ஈஎஃப்86. தி ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின் வாசிப்பில் அந்த ஆம்பின் பெயர் பரவியது. மேடைகள் பெரிதாகின, இன்னும் சத்தம் கேட்டார்கள். நாலு ஈஎல்84 போட்டு, பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு வைத்து ஏசி30 வந்தது. முதலில் அதிலும் ஈஎஃப்86 இருந்தது. ஆனால் 1960களின் தொடக்கத்திலேயே அதை எடுத்துவிட்டு ஈசிசி83 போட்டுவிட்டார்கள்.

காரணம் சத்தத்தின் தரம் இல்லை, அதிர்வு. வால்வுக்குள் இருக்கும் கிரிட் கம்பி தலைமுடி மாதிரி மெலிசு. பெட்டி அதிர்ந்தால் அதுவும் அதிரும். கம்பிக்கும் கேத்தோடுக்கும் உள்ள இடைவெளி இம்மி மாறினாலும் கரண்ட் மாறும். அந்த மாற்றத்தை அதே வால்வு நூறு மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஸ்பீக்கர் பெட்டியை மறுபடி அதிரவைக்கும். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் 'கூ'ன்னு ஊளையிடும், இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் பாத்திரம் உருட்டின மாதிரி கணகணக்கும். வால்வே மைக்காக மாறிப் போவதால் இதற்கு மைக்ரோஃபோனிக்ஸ் என்று பெயர். வாக்ஸ் மாதிரி ஆம்ப்களில் வால்வும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள். இரண்டு பெரிய ஸ்பீக்கருக்கு மேலே வால்வை நட்டுவைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

அமெரிக்காவிலும் இதே திசையில்தான் போயிருக்கிறது. ஃபெண்டர் கம்பெனியின் சின்ன ஆம்பான சேம்ப், 1950களின் முதல் பாதி வரை 6எஸ்ஜே7 என்ற பென்டோடோடு வந்தது. பிறகு 12ஏஎக்ஸ்7க்கு மாறியது. ஐரோப்பாவில் ஈசிசி83 என்பதும் அமெரிக்காவில் 12ஏஎக்ஸ்7 என்பதும் ஒரே வால்வுதான். இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. ஒரு ஈசிசி83 கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடுகள். பென்டோடின் ஒரு கட்டத்துக்குப் பதில் இரண்டு கட்டம் கிடைக்கும்போது எந்த முதலாளியும் யோசிக்கமாட்டார்.

அப்புறம் கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, 1989இல் தொடங்கிய மேட்ச்லெஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் டிசி30 ஆம்பில் ஒரு சேனலுக்கு ஈஎஃப்86ஐத் திரும்பக் கொண்டுவந்தது. அதைப் பார்த்து வீட்டில் ஆம்ப் கட்டுகிறவர்களும் பென்டோடுப் பக்கம் திரும்பினார்கள். நான் இதையெல்லாம் படித்து முடித்தபோது மருமகனின் ஆம்பில் முதல் வால்வு ஈஎஃப்86 என்று முடிவாகிவிட்டது. அப்போதுதான் ஒரு ஞாபகம் வந்தது. இந்த எழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே?

பரணில் இருந்த பெட்டி

பெரியப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. வாலிபத்தில் கோவில்பட்டியில் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்து வேலை கற்றவர். 1968இல் சொந்தமாக ஒரு செட் கட்டி, சுத்துப்பட்டி ஊர்களுக்கெல்லாம் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று குழாய் கட்டப் போனார். எங்கள் பக்கத்தில் மைக் செட் என்று சொல்லமாட்டோம், ரேடியோ செட்தான். நான் பள்ளிக்கூடம் போன 1980களில் அவரிடம் ட்ரான்சிஸ்டர் செட் வந்துவிட்டது. பழைய வால்வு செட் பரணில் ஏறிவிட்டது. சின்ன வயதில் ஏறிப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குழாயில் வெள்ளை எழுத்து.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணன், அதாவது பெரியப்பா மகன், பழைய வீட்டை இடிக்க ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தான். பரண் சாமான் எல்லாம் முற்றத்தில் கிடந்தது. பழைய இரும்பு வியாபாரி மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தான். ட்ரான்ஸ்ஃபார்மரில் செம்பு இருக்கிறதே, அதனால் செட்டுக்குக் கிலோ கணக்கில் நல்ல விலை.

பெரியப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்காது. பக்கத்தில் போய் உரக்கச் சொல்ல வேண்டும்.

"பெரியப்பா, இந்த செட்ட நான் எடுத்துக்கிடட்டுமா?"

"எதுக்குய்யா?"

"பாக்கணும். உள்ள என்ன இருக்குன்னு எழுதி வைக்கணும்."

"எழுதி வச்சு என்ன செய்யப் போற? வேணும்னா பிரிச்சு சாமான எடுத்துக்க. ஓடுற சாமான் சும்மா கெடக்கப்படாது."

அன்று ராத்திரி பூராவும் உட்கார்ந்து அந்தப் பெட்டியை வரைந்தேன். கம்பெனி செட் இல்லை. அலுமினியத் தகட்டை மடித்து ஓட்டை போட்டுக் கையால் கட்டியது. மைக்குக்கு ஈஎஃப்86 ஒன்று, அப்புறம் ஈசிசி83 இரண்டு, கடைசியில் ஈஎல்84 இரண்டு, டிசி ஆக்க ஈஇசட்81 ஒன்று. ஆக ஆறு வால்வு, பத்துப் பன்னிரண்டு வாட். இவ்வளவுதானா என்று இன்றைக்குத் தோன்றும். ஆனால் குழாய் ஸ்பீக்கர் பெட்டி ஸ்பீக்கர் மாதிரி இல்லை. அதே கரண்டை வாங்கிக்கொண்டு பல மடங்கு சத்தம் கொடுக்கும். மரம் மட்டை அதிகம் இல்லாத கரிசக்காட்டில், ராத்திரி காற்று வாகாக இருந்தால் பத்து வாட் மூணு ஊர் தாண்டிக் கேட்கும்.

கடைசிப் பகுதியைப் பார்த்தால் முல்லார்டு கம்பெனியின் 5-10 சர்க்யூட் சாயல். இங்கிலாந்தில் வால்வு செய்த முல்லார்டு, தன் வால்வு விற்க வேண்டும் என்பதற்காகவே 1950களின் நடுவில் இப்படிச் சர்க்யூட்களை வெளியிட்டது. 5-10 என்றால் அஞ்சு வால்வு, பத்து வாட். 1959இல் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார்கள். வாக்ஸ் கம்பெனியின் டிக் டென்னி எந்த வால்வுகளை எடுத்தாரோ அதே வால்வுகள். டார்ட்ஃபோர்டில் அது கிட்டார் ஆம்ப் ஆயிற்று, கோவில்பட்டியில் ரேடியோ செட் ஆயிற்று.

வால்வு இங்கே கிடைத்ததற்கும் ஒரு கதை உண்டு. 1957இல் அன்னியச் செலாவணி நெருக்கடி வந்தபிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. வெளிநாட்டு ஆம்ப் எல்லாம் சாதாரண ஆள் நினைக்கவும் முடியாது. 1954இல் பெங்களூரில் ஆரம்பித்த பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1961இல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது. அதன் ஜாலஹள்ளி காம்பவுண்டைத் தாண்டித்தான் நான் பல வருஷம் ஆபீஸ் போயிருக்கிறேன். அங்கே செய்த ஈஎல்84 வால்வுகளை இன்று வெளிநாட்டு கிட்டார்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். பெரியப்பா செட்டில் இருந்த ஈஎஃப்86இல் கம்பெனிப் பெயர் அழிந்துவிட்டது. எண் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

சைக்கிள் ட்யூப்

வரைந்துகொண்டு வரும்போது ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது. மற்ற அஞ்சு வால்வு சாக்கெட்டும் தகட்டில் நேராக முறுக்கியிருந்தது. ஈஎஃப்86 சாக்கெட் மட்டும் தனி. பெரிய ஓட்டை போட்டு, அதற்குக் குறுக்கே சைக்கிள் ட்யூபை வெட்டிப் பட்டையாக இழுத்துக் கட்டி, அதில் சாக்கெட்டைத் தொங்கவிட்டிருந்தார். ரப்பர் இறுகிக் காய்ந்து போயிருந்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தது. சாக்கெட்டுக்கு வரும் ஒயர்கள்கூட விறைப்பாக இல்லாமல் மெல்லிய சுருளாக வந்தன. விறைத்த ஒயர் அதிர்வைக் கடத்திவிடும் என்று தெரிந்து செய்திருக்கிறார்.

காலையில் கேட்டேன். "இது எந்தப் புஸ்தகத்துல பாத்தீங்க பெரியப்பா?"

"புஸ்தகமா? மொத வருசம் ஒரு கொடையில வில்லுப்பாட்டு. குடம் அடிக்கிறவரு பக்கத்துல செட்ட வச்சிட்டேன். அவரு அடிக்க அடிக்க இது கணகணன்னு கூடப் பாடுது. எல்லாரும் என்னையப் பாக்காங்க. மறுநா ட்யூப வெட்டிக் கட்டுனேன். அதுக்கப்புறம் செட்டு வேற எடத்துல, கொழாய் வேற எடத்துல."

இந்த 'வேற இடம்' என்ற சொல்தான் எனக்கு விஷயத்தைத் திறந்துவிட்டது. ரேடியோ செட்டில் ஆம்ப் ஏதாவது வீட்டுத் திண்ணையில், பந்தல் மூலையில் மேஜைமேல் இருக்கும். குழாய், ஒயர் இழுத்து, மூங்கில் கட்டியோ வேப்ப மரத்திலோ நூறு அடி தள்ளி உயரத்தில் இருக்கும். மைக் கோயில் முன்னால். மூன்றும் மூன்று இடம். வாக்ஸ் பெட்டிக்குள் பென்டோடைக் கொன்ற அதிர்வு இங்கே வால்வுக்கு வந்து சேரவே சேராது. குடம் அடிக்கும் சத்தம் மாதிரி வெளியில் இருந்து வருவதை ஒரு சைக்கிள் ட்யூப் பார்த்துக்கொள்ளும். கிட்டார் உலகம் 1960களின் தொடக்கத்தில் ஒதுக்கிய வால்வு, எங்கள் ஊரில் 1968இல் புதிதாகக் கட்டிய செட்டில் ஏறி, ட்ரான்சிஸ்டர் வரும்வரை ஓடியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வால்வு அதே வால்வு. அதை வைத்த இடம்தான் வேறு. கிட்டாரிலும் ஆம்பைத் தனியாக, ஸ்பீக்கரைத் தனியாக வைக்கும் வழி உண்டு. ஆனால் அந்த வழி பரவலானபோது ஈசிசி83 எல்லோருக்கும் பழகிவிட்டது, திரும்பிப் பார்க்க அவசியம் இல்லாமல் போயிற்று.

இன்னொன்றும் கவனித்தேன். ஈஎஃப்86க்கான தரவுத் தாளில் ரெசிஸ்டர் மதிப்புகளுக்கு அட்டவணை உண்டு. பிளேட்டில் 220 கிலோ ஓம் போட்டால் பெருக்கம் கூடுதல். 100 கிலோ ஓம் போட்டால் குறைவு. ஏசி15இல் இருப்பது 220. பெரியப்பா போட்டிருந்தது 100. "கூடப் போட்டுப் பாத்தேன், மைக்கு கிட்ட யாரும் இருமுனாலே ஊளையிட்டுச்சு"ன்னார். தேவைக்கு மேல் பெருக்காமல் விட்டதும் அந்த வால்வின் ஆயுசுக்கு ஒரு காரணம்.

சர்க்யூட்டை முழுக்க வரைந்தபிறகு ஒன்று தெரிந்தது. இசைத்தட்டுக்கான ஒயர் ஈஎஃப்86 பக்கமே வரவில்லை, நேராக ஈசிசி83க்குப் போய்விடுகிறது. கிராமபோன் முள்ளில் இருந்து வருகிற சிக்னலே பலமானது, அதற்குப் பென்டோடு வேண்டாம். அப்படியானால் கல்யாண வீடுகளில் பாடிய சினிமாப் பாட்டு எதுவும் இந்த வால்வு வழியாகப் போகவில்லை. போனதெல்லாம் மனுஷக் குரல். வில்லுப்பாட்டு, மொய் வாசித்தது, கட்சிக் கூட்டம், 'பச்சைச் சட்டை போட்ட பையனைக் காணோம்' அறிவிப்பு, இழவு சொன்னது. பாட்டுகளுக்கு இன்றைக்கும் பிரதி இருக்கிறது. இந்த வால்வு வழியாகப் போனதில் ஒரு வார்த்தைக்கும் பிரதி இல்லை.

எடுப்பதா, விடுவதா

இதற்கு அப்புறம் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. சைக்கிள் ட்யூபோடு அப்படியே வைக்க வேண்டும் என்று தோன்றியது. பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தப் பவர் ட்ரான்ஸ்பார்மர் எங்கருந்து வந்துச்சு தெரியுமா? ஒரு பழைய வீட்டு ரேடியோவப் பிரிச்சு எடுத்தது. அந்த ரேடியோக்காரன் உன்னைய மாதிரி பூட்டி வச்சிருந்தா எனக்கு செட்டு ஏது?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் காப்பாற்ற நினைத்த 'ஒரிஜினல்' செட்டே இன்னொன்றைப் பிரித்துக் கட்டியது.

கடைசியில் பேசி முடித்தது இப்படி. செட்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் நான் கொண்டு போகிறேன். அதிலிருந்து ஒரே ஒரு சாமான், அந்த ஈஎஃப்86, மருமகனின் ஆம்புக்குப் போகும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் சாக்கெட்டும் கெப்பாசிட்டரும் பொறுக்கினேன். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை ஆர்டர் கொடுத்துச் சுற்றி வாங்கினேன். ஈஎஃப்86, ஈசிசி83, இரண்டு ஈஎல்84. இதைப் படித்துவிட்டு யாராவது ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. உள்ளே முந்நூறு வோல்ட் டிசி இருக்கும், ஸ்விட்சை அணைத்தபிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும். அதை இறக்காமல் கையை விடக் கூடாது. பழைய செட்டை முதல்முறை போடும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துப் போட வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட் பிழைக்கும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு தெரிந்தும், பார்க்க வாக்ஸ் மாதிரி அழகாக இருக்க வேண்டும் என்று ஆம்பையும் பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கரையும் ஒரே மரப்பெட்டியில் வைத்தேன். சின்ன வால்யூமில் அருமையாக இருந்தது. கனமான, கண்ணாடி மாதிரித் தெளிவான சத்தம். மருமகன் வந்து பாதிக்கு மேல் திருப்பி, தடித்த கம்பியில் ஒரு கார்டு போட்டான். கணகணகண. வில்லுப்பாட்டுக் குடம் அடித்த ராத்திரி மாதிரியே. புது ரஷ்ய ஈஎஃப்86 ஒன்றை மாற்றிப் போட்டும் பார்த்தேன். கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

பிறகு பெட்டியை அறுத்து ரெண்டாக்கினேன். ஆம்ப் தனி, ஸ்பீக்கர் தனி, நடுவில் பதினைந்து அடி ஒயர். பிளேட்டில் 220க்குப் பதில் 100. சாக்கெட்டுக்குச் சைக்கிள் ட்யூப். பெரியப்பாவின் வால்வையே திரும்பப் போட்டேன். முழு வால்யூமில் வாசித்தாலும் ஊளை இல்லை. மருமகன் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டித்தான் நிறுத்தினான்.

பழைய செட் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. ரப்பர் பட்டை அப்படியே தொங்குகிறது, சாக்கெட் மட்டும் காலி. வேறு ஈஎஃப்86 ஒன்றை அதில் செருகிவிடலாம், ஒன்பது கம்பியும் கச்சிதமாக உட்காரும். இதுவரை செருகவில்லை. செய்தது சரியா என்று இப்போதும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. வரைபடம் இருக்கிறது, போட்டோ இருக்கிறது, வால்வு வேலை செய்கிறது. உங்கள் ஊரில் இப்படி ஒரு பெட்டி பரணில் இருந்தால், பிரிப்பதோ விற்பதோ உங்கள் விருப்பம். அதற்கு முன் ஒரு ராத்திரி உட்கார்ந்து உள்ளே இருப்பதை வரைந்துவிடுங்கள். கட்டியவர் உயிரோடு இருந்தால் ஏன் அப்படிக் கட்டினார் என்று கேட்டுவிடுங்கள். ரப்பர் பட்டையைப் பார்த்தால் அது தெரியும். குடம் அடித்த கதை அவர் வாயில்தான் இருக்கும்.

சித்திரையில் ஆம்பை ஊருக்குக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். மருமகன் வாசித்தான். அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை, ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் என் சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்து, ஈஎஃப்86 தலையில் லேசாக ஒரு தட்டு.

"சத்தம் வருதாய்யா?"

"லேசா டிங்குன்னு வருது பெரியப்பா. ட்யூப் இன்னும் இழுத்துக் கட்டணுமோ?"

"வேண்டாம். அது கொஞ்சம் வரத்தான் செய்யும். தட்டியும் ஒண்ணும் வரலைன்னாத்தான் வால்வு செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தம்பிய இன்னொண்ணு வாசிக்கச் சொல்லு"ன்னார்.